குளுகுளுன்னு இருக்கு

பூசான்,
செப்டம்பர் கடைசி ஞாயிறு

பொராம் அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். ஜேஜு தீவில் நீயும், மகள் பொராமும், பிறந்து ஒரு மாதமே ஆன நம் பேரப்பெருமானும் நலம்தானே? அவனுக்கு என் மூக்கு என்று பொராம் சொன்னாளாம். பாவம், வளர வளரச் சரியாகிவிடும் என்று அவளுக்கு ஆறுதல் சொல்.

செவ்வாயன்று போனில், பனிக்காலம் முடியும்வரை அங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டாய். தாராளமாக இரு, நீ இல்லாமல் வீடு குளுகுளுவென்று இருக்கிறது என்றேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் என் வலது தொடையின் கதையைக் கேள்.

அக்டோபரில் இலை சிவந்ததும் நாம் ஜிரி மலை ஏறுவதாகப் பேச்சு. அதற்காக நம் வீட்டுக்குப் பின்னாலுள்ள குன்றில் தனியாக ஏறிப் பழகினேன். இறங்கும்போது தொடை கருங்கல்லாக இறுகிவிட்டது. சந்தை வழியே பக்கவாட்டில் நகர்ந்து வந்தேன். நண்டுக்காரி தன் தொட்டியிலிருந்து ஒன்று தப்பிவிட்டதோ என்று எட்டிப் பார்த்தாள்.

ஆகவே மேங் டீச்சரிடம் போனேன். முன்பு வாலிபால் அணிக்குத் தசை நீவிவிட்டவர். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. கை, அது போதாவிட்டால் முழங்கை. படுத்தால், திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில் யார் என்கிறாய்? மலையேற்றச் சங்கத் தலைவர் போங்! “ஹாம் சாருக்கு முடியலேன்னா அக்காவை நான் கூட்டிட்டுப் போறேன்”னு உன்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர். அவருக்கு ஆடுசதைப் பிடிப்பாம். டீச்சரின் தங்கை நீவிக்கொண்டிருந்தாள்.

டீச்சரின் முழங்கை தொடையில் இறங்கியது. நான் அலற வாய் திறப்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து, “ஆகா! குளுகுளுன்னு இருக்கு!” என்று ஒரு குரல். விடுவேனா? “எனக்கு அதைவிடக் குளுகுளு!” என்றேன். கொதிக்கிற சூப்பில் நாக்கு வெந்தாலும் சுகம் என்று காட்ட அதையே சொல்கிற கூட்டம்தானே நாம்.

“இன்னும் அழுத்தும்மா!” என்றார் அவர்.

“டீச்சர், காலையில சாப்பிடலையா? பலமே காணோமே!” என்றேன் நான். சாப்பிட்டிருந்தார், நன்றாகவே.

கொஞ்ச நேரத்தில் டீச்சரே கையை எடுத்துவிட்டார். “ஹாம் சார், வாய் குளுகுளுங்குது, கால்விரல் சுருண்டு அழுவுது. நான் எதை நம்பட்டும்? நீங்க பல்லைக் கடிச்சா தசையும் முறைச்சுக்கிட்டு நிக்கும். வலிக்குதுன்னு சொன்னாத்தானே என் கைக்கு அளவு தெரியும்?”

மலையில் போங்கின் பின்னால் நீ ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். மானத்தைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, “வலிக்குது டீச்சர்!” என்று கத்தினேன்.

திரைக்கு அப்பாலிருந்து உடனே போங்கின் குரல்: “ஐயோ, எனக்கும்தாம்மா! நல்லவேளை, ஹாம் சார், நீங்க முதல்ல வாயைத் திறந்தீங்க!”

அப்புறம் டீச்சர் கை பதமாக இறங்கியது. மூச்சை விடச் சொல்லி, முழங்காலை மடக்கி நீட்டச் சொல்லி நீவ நீவ, கருங்கல் பிசைந்த மாவாகிவிட்டது. இப்போது படியில் நேராகவே இறங்குகிறேன். மலைக்குப் போகலாம் என்று டீச்சரே சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் போங் சூப் வாங்கிக் கொடுத்தார். இருவரும் மரியாதையாக, “சுடுது” என்றோம்.

செவ்வாய்க்கிழமை போனில் நீ என் கால்விரலைப் பார்த்திருக்க முடியாது. சுருண்டுதான் இருந்தது.

குழந்தைக்கு நீ வேண்டுமென்றால் இரு, தடுக்கவில்லை. அளவு உன் கைக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன்: வலிக்குது.

பேரனுக்கு என் ஆசி. மூக்கு போனது போகட்டும், வாயாவது உன்னைப்போல உண்மை பேசட்டும்.

இலை சிவக்கத் தொடங்கிவிட்டது.

உன்,
ஹாம் கி-தேக்