கேட்டருகே இரண்டு பெரியவர்கள்

ஜூன் 7, சனி

இன்று பதினோரு சீருடைகளுக்குப் பொத்தான் தைத்தேன். இந்தப் பிள்ளைகள் பொத்தானை எங்கேதான் தொலைக்கிறார்களோ, தின்கிறார்களா என்ன!

மாணவர் படையில் தன்னார்வலராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. அணிவகுப்பு சொல்லிக்கொடுப்பது கமாண்டர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டோர் ரூமும் முதலுதவிப் பெட்டியும் என் பொறுப்பு. ஆறு மணிக்கு முடிந்ததும் இருவரும் கேட்டருகே நிற்க வேண்டும். கடைசிப் பிள்ளை கிளம்பும்வரை இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்பது விதி.

கடைசிப் பிள்ளை எப்போதும் ஒரே பெண்தான். பதினான்கு வயது, ஓயாத வாய். அவள் அப்பா இன்றும் இருபது நிமிடம் தாமதம். கமாண்டர் முணுமுணுத்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நிற்கலாம் போலத்தான் இருந்தது.

ஜூன் 10

ரத்த வங்கியில் வேலை அதிகம். நாள் முழுக்க நான் பேசியது: "ஓ பாசிட்டிவ் தீர்ந்துடுச்சு." அதையே இரண்டு முறை.

ஜூன் 14, சனி

எழுதுவதா வேண்டாமா — எழுதிவிடுகிறேன்.

ஆறே காலுக்குக் கமாண்டருக்கு ஃபோன். அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். மனிதர் வண்டிச் சாவியைத் தேடிப் பையெல்லாம் துழாவினார். "நீங்க கிளம்புங்க சார், அவங்க அப்பா இதோ வந்துடுவாரு" என்றேன். அவர் போனதும் மழை பிடித்துக்கொண்டது. அவள் அப்பா ஃபோனில், "பாலத்துல மாட்டிக்கிட்டேன் மேடம், வண்டி நகரவே இல்ல" என்றார். நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காரில் இருபது நிமிடம். பூட்ஸ் கடிப்பதைச் சொன்னாள், இயற்பியல் ஆசிரியர் நடப்பதை உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினாள். டேஷ்போர்டில் இருந்த பிஸ்கட்டைக் கேட்காமலே எடுத்துத் தின்றாள்.

"மேடம், உங்க வீட்ல யாரு யாரு?"

"பையன். வெளிநாட்டுல வேலை."

"தினமும் பேசுவாரா?"

"பேசுவான்" என்றேன். பொய். கணவர் இறந்து ஆறு வருடம், மகன் போய் மூன்று வருடம். நான் நான்கு வரி எழுதினால் மகன் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவான்.

அவள் அத்தை கதவைத் திறந்து, "நல்லவேளை நீங்க இருந்தீங்க" என்றார்.

ஜூன் 15

இருக்கையில் பிஸ்கட் தூள். துடைக்கவில்லை.

ஜூன் 21, சனி

போன வாரத்துப் பதிவேட்டைக் கமாண்டர் நீட்டினார். 'கடைசிப் பிள்ளை செல்லும்வரை இருவர் இருந்தனர்' என்ற கட்டத்தில் கையெழுத்து.

"அவங்க அப்பா வந்துட்டாரில்ல?"

"வந்துட்டாரு சார்."

போட்டேன்.

மாலை ஆறு அடிக்க அந்த அப்பா முதல் ஆளாக வந்து நின்றார். எனக்குச் சுருக்கென்றது. ஏன்யா, இன்னிக்குன்னு பாத்தா சீக்கிரம் வரணும்? — இப்படித்தான் நினைத்தேன். அப்படியே வார்த்தைக்கு வார்த்தை.

காரில் புதிதாக இரண்டு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வைத்திருந்தேன். யாருக்காக வாங்கினேன்? நான் பிஸ்கட் தின்று எத்தனை வருடமாகிறது? அந்த மனிதர் தாமதமாக வர வேண்டும், கமாண்டருக்கு ஏதாவது வேலை வர வேண்டும் என்று வாரம் முழுக்க உள்ளுக்குள் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கமாண்டரின் மனைவி இன்னும் நொண்டுகிறார். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

ஜூன் 22

படையின் மாவட்ட அலுவலகத்துக்கு நானே எழுதி அனுப்பிவிட்டேன். தனியாக அழைத்துப்போனதையும் பொய்க் கையெழுத்தையும். ஐந்து வரிதான். காலை முழுவதும் ஆனது.

ஜூன் 24

கமாண்டர் ஃபோனில் கொதித்தார். "உங்கள யாருங்க கேட்டா? ஒரு பொண்ணு நனையாம வீட்டுக்குப் போய்ச் சேந்தா. அது தப்பா?"

"அன்னிக்குத் தப்பில்ல சார். இன்னொரு தடவ நடந்தா தப்பு."

"அதான் நடக்கலயே!"

மழையே இல்லாவிட்டாலும் நான் கூட்டிக்கொண்டு போயிருப்பேன் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

ஜூன் 27

கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை வரக் கூடாது, பிள்ளைகள் யாரோடும் பேசக் கூடாது. முடிந்த பிறகும் எடுப்பார்களோ மாட்டார்களோ. எனக்கென்று இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

ஜூன் 28, சனி

மூன்று மணிக்குப் பழக்கத்தில் சீருடையை இஸ்திரி போட்டேன். மாட்டி வைத்தேன். அலமாரியைத் துடைத்தேன், துடைத்ததையே இன்னொரு முறை துடைத்தேன். அழுதேன். முகம் கழுவி வந்து மறுபடி அழுதேன். ஏன் என்று கேட்க ஒரு ஆள் வேண்டுமே, அதற்கும் வழியில்லை.

ஜூலை 2

சாப்பாட்டு வேளையில் ரேடியோவிடம் உளறிவிட்டேன். ரேடியோ என்று நான் பெயர் வைத்திருப்பது பக்கத்து மேசைக்காரிக்கு. வாயை மூடவே மாட்டாள், அதனாலேயே நான்கு வருடமாக ஒதுங்கி உட்காருவேன். பிஸ்கட் வரை எல்லாவற்றையும் சொன்னேன். இன்று அவள் வாயைத் திறக்கவே இல்லை. கடைசியில், "சனிக்கிழமை வீட்ல சும்மாதான இருப்பீங்க? வரட்டுமா?" என்றாள்.

ஜூலை 5, சனி

பேச வருவாள் என்று நினைத்தேன், தூங்க வந்தாள்! "எங்க வீட்ல ஏழு பேரு. கண்ண மூடினா யாராவது எழுப்பிடுவாங்க" என்று சோபாவில் சாய்ந்தவள்தான், இரண்டு மணி நேரம் லேசான குறட்டை. நான் சமையலறையில் சத்தமில்லாமல் நடந்தேன். இந்த வீட்டில் ஒருவர் தூங்குகிறார் என்று அடிமேல் அடி வைத்து நடந்து எத்தனை காலம் ஆயிற்று!

ஜூலை 19, சனி

மூன்றாவது சனி. சாம்பார்ப் பொடி டப்பாவை இடம் மாற்றிவிட்டாள், அரை மணி நேரம் தேடினேன். திட்டினேன். அவளும் திட்டினாள். மாற்றுச் சாவி ஒன்று கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 1

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். எந்தப் பிள்ளையையும் வண்டியில் ஏற்றக் கூடாது. ஸ்டோர் ரூமுக்குத் திரும்பலாம். கமாண்டருக்கும் ஒரு எச்சரிக்கையாம். பாவம்.

ஆகஸ்ட் 9, சனி

பொத்தான்கள் குவிந்து கிடந்தன. கமாண்டர் முதலில் முறைப்பாக இருந்தார், பிறகு அவரே டீ கொண்டுவந்து வைத்தார். கடைசிப் பெண் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, "எங்க மேடம் போயிட்டீங்க?" என்றாள். "கொஞ்சம் வேலை" என்றேன்.

ஆறு மணி. எல்லாரும் போனார்கள். அவள் அப்பாவைக் காணோம். ஆறேகால், ஆறரை. கமாண்டரும் நானும் அவளும் நின்றோம். அவள் ஏதோ கதை சொன்னாள்; எனக்குப் பாதி காதில் ஏறவில்லை. வீட்டில் ரேடியோ எழுந்திருப்பாள், டீ போட்டு ஆறிப்போயிருக்கும் என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது. கால் வேறு வலித்தது. எரிச்சல் வந்தது.

ஆறே முக்காலுக்கு அந்த அப்பா ஓடி வந்தார். "சாரி மேடம், இன்னிக்கும்..."

"ஆறு மணின்னா ஆறு மணிங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். "எங்களுக்கும் வீட்ல ஆளு காத்துட்டிருக்காங்க."

கமாண்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொன்னது உண்மை என்பது கார் பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.