ஞானஸ்நானப் புத்தகத்தில் என் தேதி

வடாலா,
12-10-1964

அன்புள்ள அம்மாவுக்கு அமிர்தநாதன் தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி?

வேலை நிரந்தரமாக வயதுச் சான்று கேட்டார்கள். பள்ளிச் சான்றைக் கொடுத்தேன். பட்டறையில் என்னோடு சேர்த்து நம் பக்கத்துக்காரர்கள் நான்கு பேர். நால்வருக்கும் பிறந்த தேதி ஜூன் ஒன்று என்றே வாத்தியார்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். "அரே, நாலு பேரும் ஒரே தொட்டில்லயாடா கெடந்தீங்க?" என்று தமிழ் கிளார்க் சிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

புயலுக்கு மறுவாரம் பிறந்தேன் என்று நீங்கள் சொல்வது இங்கே செல்லாது. சாமியாரிடம் போய், கோவில் ஞானஸ்நானப் புத்தகத்தில் உள்ளதை முத்திரையோடு எழுதி வாங்கி இந்த மாதத்துக்குள் அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட்தான். பயப்படாதீர்கள், புத்தகத்தில் கட்டாயம் இருக்கும்.

நான் பிறந்த தேதி தெரிந்ததும், சரியாக அந்த நாளில் எனக்குக் கிடைக்கிற மாதிரி ஒரு கடிதமும் போடுங்கள். ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது.

உங்கள் மகன்
அமிர்தநாதன்