புனிதரின் அங்கித் துணி

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் மகள் இந்து வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஏலத்தோட்டச் சரிவில் பார்த்து நடங்கள்.

கஞ்சிக்கோட்டுத் தையல் கடை வேலை போய்விட்டது. பயப்படாதீர்கள், தப்பு என்னுடையதல்ல. முதலாளி புதுப் பழுப்புத் துணியைத் துண்டு துண்டாக வெட்டச் சொன்னார். எதற்கென்று தெரியாமல் வெட்டினேன். பிறகு பார்த்தால், அதை அட்டையில் ஒட்டி 'புனிதரின் அங்கித் துணி' என்று விற்கிறார். மகனை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் ஒரு மலையாளத்துச் சேச்சி அதை வாங்க வந்தார்.

"இது சத்தியமா புனிதர் உடுத்தினதா மோளே?"

"இல்ல சேச்சி. போன வாரம் நான் வெட்டினது."

முதலாளி கத்தினார். "நீ என்ன வேதக்காரப் புள்ளையா? உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"மாரியம்மன் திருநீறுன்னு அடுப்புச் சாம்பலக் குடுத்தா எங்கம்மா சும்மா இருப்பாங்களா?" என்று கேட்டேன். அப்போதே என்னை நிறுத்திவிட்டார்.

நேரே சர்ச்சுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். உண்மையான திருப்பண்டத்துக்கு, அதாவது புனிதர் உடுத்திய, தொட்ட பொருளுக்கு, ஆயரின் முத்திரையும் சான்றிதழும் உண்டாம்; விற்கவே கூடாதாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் எல்லோரையும் எச்சரித்தார். மறுநாளே அட்டைகள் கடையிலிருந்து மறைந்துவிட்டன.

இப்போது சீருடை தைக்கும் இடத்தில் இருக்கிறேன். இங்கே பேச்சுத்துணைக்கு ஆளில்லை. உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. துவைக்க வேண்டாம்.

சாப்பாட்டு இடைவேளை முடியப்போகிறது. மன்னிப்புக் கேட்டால் மறுபடி சேர்த்துக்கொள்வதாகப் பழைய முதலாளி ஆள் அனுப்பியிருக்கிறார். கேட்க மாட்டேன் அம்மா. நீங்கள் சொன்னாலும் கேட்க மாட்டேன்.

உங்கள் மகள்,
இந்து