ஐந்து வினாடிக்கு ஒரு படம்

அன்புள்ள அக்கா,

ஞாயிற்றுக்கிழமை அத்தானும் அவருக்கு உதவியாக நானும் ஆற்றங்கரையில் ஒரு குடும்பத்தைப் படம் எடுத்தோம். குழந்தைகள் இயல்பாக விளையாடட்டும் என்று, ஐந்து வினாடிக்கு ஒருமுறை தானாகவே எடுக்கும்படி அத்தான் கேமராவை வைத்திருந்தார். அவர்கள் போனதும் நிறுத்த மறந்துவிட்டார்.

நான் லென்ஸ் மூடியைத் தொலைத்துவிட்டேன். "ஊமைக்கோட்டானே, கண்ணும் அவிஞ்சுபோச்சா?" என்று முடியைப் பிடித்து என் முகத்தைப் பாறையில் திரும்பத் திரும்ப மோதினார். பதினோரு படம் இருக்கிறது. ஏழாவதில் என் பல் தெறிக்கிறது.

"வழுக்கி விழுந்தேன்னு சொல்லு" என்றார். டாக்டரிடம் சொன்னேன். உன் கை உடைந்தபோது நீ சொன்னதும் அதேதான்.

உன்னைத் திரும்ப அழைத்துவரச் சனிக்கிழமை அப்பா வீட்டுக்கு வருகிறார். "தங்கமான மாப்பிள்ளை" என்று அப்பா ஆரம்பித்தால், இதோடு இருக்கும் மெமரி கார்டைப் போட்டுக் காட்டு.

மூன்றாவது படத்திலேயே கேமரா எடுத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் திமிறி ஓடவில்லை.

உன் தங்கை