ஃப்ரீசரில் வைத்த ஊசி

செலின்,

நேத்து கரண்ட் போய் வந்ததும், சூடாயிடுச்சோன்னு உன் எம்.எஸ். நரம்பு நோவு ஊசியை நான்தான் ஃப்ரீசர்ல வெச்சேன். மீனுக்கு ஐஸ் போடுற புத்தி. காலைல பாத்தா கல்லாட்டம் கீது. உறைஞ்சா வீணுன்னு மருந்து கவுண்டர் அக்கா அப்பவே சொன்னாங்க. அதைப் போட்டுக்காதே.

நீ கேட்டப்ப "பத்திரமா கீது, தொணதொணக்காதே"ன்னு கத்தினேன். தப்புதான்.

டப்பாவோட செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். இந்த மாச ஊசியைக் கொடுத்துட்டாங்க, மறுபடி தருவாங்களோ இன்னாவோ. போன தடவை ஊசி தவறினப்ப உன் வலது கண்ணு மங்கினதே நெனப்பு வந்துகினு கீது.

கஞ்சி அடுப்பு மேல கீது. குடிக்கிறதுக்கு முன்னாடி இடது கண்ணை மூடிக்கினு காலண்டர்ல தேதியைப் படி. தெரியலைன்னா உடனே போன் பண்ணு.

பூபாலன்

தெரிஞ்சாலும் பண்ணு.