வெயிலுக்கு முன் இரண்டரை மணி நேரம்

ஜனவரி 9
லூபஸாம். என் உடம்பே என்னை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. வெயில் பட்டால் அதற்கு இன்னும் வெறி ஏறும். கன்னம் இரண்டும் மூக்கும் சிவந்து, மூட்டெல்லாம் வலி. மாத்திரை, களிம்பு, முழுக்கைச் சட்டை என்று சொல்லிவிட்டுக் கடைசியில் டாக்டர் தயங்கினார். "வருஷம் பூரா வெயில் அடிக்கிற ஊரு. முடிஞ்சா வேற ஊர் பாருங்கம்மா."
பத்தொன்பது வருஷமாக நில அளவையாளர் நான். வெயில்தான் என் அலுவலகம்.

ஜனவரி 12
அக்கா போனில் அழுதாள். அவள் ஊரில் பாதி வருஷம் சூரியன் எட்டிப் பார்ப்பதில்லை. "கிளம்பி வந்துரு. மாடி ரூம் சும்மாதான் கெடக்கு." மாட்டேன் என்றேன்.
"பிடிவாதம்டி உனக்கு."
ஆமாம்.

பிப்ரவரி 3
தலைமைப் பொறியாளர் என்னை வரைபட அறைக்கு மாற்றிவிட்டார். "உங்க நல்லதுக்குத்தாம்மா." யார் கேட்டார்கள்? ஜன்னல் இல்லாத அறை. கடற்கரைச் சாலையில் மழைநீர்க் கால்வாய் வரப்போகிறது. தரையின் ஏற்ற இறக்கத்தை அளந்து மட்டம் எடுப்பது வேறு ஆள். அவர் கொண்டுவரும் எண்களைக் கூட்டிக் கழிப்பது நான்.

மார்ச் 20
வெயில்.

ஏப்ரல் 27
எண்கள் உதைக்கின்றன. தொடங்கிய அளவைக் கல்லிலேயே வந்து முடித்தால் மட்டம் சரிக்குச் சரி வர வேண்டும். முப்பத்தொரு மில்லிமீட்டர் வித்தியாசம். இது மூன்றாவது தடவை. இப்படியே வெட்டினால் கால்வாய்த் தண்ணீர் கடலுக்குப் போகாமல் வீடுகளுக்குள் வரும்.
"ஆள் சரியில்ல" என்றார் தலைமை.
ஆள் சரிதான், நேரம்தான் சரியில்லை. பதினொரு மணிக்கு அந்தத் தார்ச் சாலையில் கருவி வழியே பார்த்தால், தூரத்தில் பிடித்திருக்கும் அளவுகோலின் எண்கள் அனலில், தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். சொன்னேன். "இத்தன வருஷம் அப்படித்தானே அளந்தோம்?" என்கிறார். அதைத்தானே சொல்றேன் — இத்தன வருஷமும் தப்பா அளந்திருக்கோம்!

ஜூன் 14
முட்டாள். முட்டாள். மேகம் மூடியிருக்கிறதே என்று போன வாரம் நண்பகலில் கடற்கரை வரை நடந்தேன். மேகத்தையும் தாண்டிச் சுடுமாம். நான்கு நாள் காய்ச்சல். இன்றுதான் பேனா பிடிக்க விரல் மடங்குகிறது. அக்காவிடம் மூச்சு விடவில்லை.
அவ சொல்றதுதான் சரியோ?

ஜூலை 2
இல்லை. போகமாட்டேன். விடியலுக்கும் எட்டு மணிக்கும் நடுவே சுமார் இரண்டரை மணி நேரம், இந்த வெயிலுக்குப் பல் முளைப்பதில்லை. பருவம் அதிகம் மாறாத ஊர் என்றால், அந்த நேரமும் எனக்கு வருஷம் முழுக்கக் கிடைக்கும். ஏன் விட வேண்டும்?

ஆகஸ்ட் 6
வெளிவேலையை விடியலுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேவிட்டேன். "ஒருத்தருக்காக எல்லாரும் அஞ்சு மணிக்கு எந்திரிக்கணுமா?" என்றார் தலைமை. எனக்குக் குரல் ஏறிவிட்டது. "ஒரு வாரம் குடுங்க சார். கணக்கு சரியா வரலன்னா நானே அந்த ரூமுக்குள்ள போய் உக்காந்துக்கறேன். அப்புறம் வாயே தொறக்கமாட்டேன்."
கதவோரம் நெட்டை நின்றிருந்தார் — இருபது வருஷமாக அளவுகோல் பிடிப்பவர், ஆறடிக்கு மேல் உயரம். "நான் வர்றேன் சார். மத்தியானம் அந்த ரோட்டுல ஒரு தடவ நின்னு பாருங்க, நீங்களும் வருவீங்க."

ஆகஸ்ட் 14
ஆறு நாள் காலை. மூன்று கிலோமீட்டர். வித்தியாசம் நான்கு மில்லிமீட்டர்!
தாளை அவர் மேஜையில் வைத்தேன். இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

செப்டம்பர் 1
வெளிவேலை எல்லாருக்கும் இனி காலை ஐந்தரை முதல் எட்டு வரை என்று பலகையில் ஒட்டியிருக்கிறது. யோசனை என்னுடையது என்று அதில் எங்கும் இல்லை. வெளிவேலைப் பட்டியலில் மட்டும் என் பெயர் இருக்கிறது, முதலாவதாக. அது போதும்.

நவம்பர் 18
நோய் போகவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருக முடியாமல் நெட்டையிடம் நீட்டினேன். "தலைமையவே திருப்பின கை, மூடிய திருப்ப முடியலையா?" சிரித்ததில் கன்னம் எரிந்தது.

டிசம்பர் 28
அக்கா பத்து நாள் லீவில் வந்திருக்கிறாள், வெயில் காயத்தான். நேற்று மணலில் கிடந்து தோளெல்லாம் வெந்துபோய்த் திரும்பினாள். என் களிம்பைத்தான் தடவிவிட்டேன். தன் ஊருக்குக் கூப்பிடுவாள், கூப்பிடுவாள் என்று பார்த்திருந்தேன். காலை ஐந்து மணிக்கு நான் கிளம்பும்போது எழுந்து வந்து, என் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.
"எட்டரைக்குள்ள வந்துருவல்ல? காப்பி போட்டு வைக்கறேன்."