அஜக்ஸ் வெல்லகொட்டுகள்

என் அருமைப் பொய்க்கார அப்பாவுக்கு,

கோபிக்காதீர்கள். நீங்கள் போய் இருபத்தொன்பது நாள், இந்த ஒரு சொல்லைத்தான் வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருக்கிறேன். முகத்துக்கு நேரே சொல்ல நீங்கள் இல்லை, எழுதியாவது தீர்க்கிறேன். பத்திரிகையில் போடவும் கொடுக்கப் போகிறேன், நாலு பேர் வாசிக்கட்டும். உங்களைப்போலப் பேரை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் இந்த ரொறன்ரோவில் இன்னும் எத்தனை பேரோ, யார் கண்டது?

எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் நாங்கள் வெல்லகொட் குடும்பம். கணேசலிங்கம் வெல்லகொட், புவனேஸ்வரி வெல்லகொட், கௌரி வெல்லகொட். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் புது ரீச்சர் வரவு இடாப்பைப் பார்த்து அந்தப் பேரை வாசித்துவிட்டு, ஒரு வெள்ளைப் பிள்ளையைத் தேடி வகுப்பு முழுவதும் கண்ணை ஓடவிடுவா. நான் கையைத் தூக்கினால் இடாப்பைத் திரும்ப ஒருமுறை பார்ப்பா. இது எங்கிருந்து வந்த பேர் என்று உங்களைக் கேட்டேன்.

"என்ரை பூட்டனுக்கு மிசனரித் துரை குடுத்தது" என்றீர்கள். "நாங்கள் சைவக்காரரெல்லோ?" என்று கேட்டதற்கு, "மனுசன் துரையிட்டைப் படிச்சவர், பேரை வாங்கினவர், சமயத்தை வாங்கேல்லை" என்று ஒரு போடு போட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் மிசன் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு அப்படிப் பேர் கொடுத்த கதை உண்மைதானே? அதனால் நானும் நம்பினேன். முப்பது வருடமாக நம்பினேன், அப்பா!

எங்கள் ஆட்கள் உங்களைச் சும்மா விட்டார்களா? ஸ்காபரோவில் ஒரு கலியாண வீட்டில் ஒருத்தர் எழும்பி நின்று, "துரை வந்திட்டார், துரைக்கு முள்ளுக்கரண்டி எடுத்து வையுங்கோ" என்று கத்தினார். சபை சிரித்தது, நீங்களும் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு கலியாணத்துக்கோ, ஊர்ச்சங்கத்துக்கோ, தேருக்கோ நீங்கள் போகவில்லை. ரொறன்ரோவுக்கு வெளியே அஜக்ஸில் வீடு மலிவு என்று சொல்லி வந்தோம், ஆனால் உங்களுக்கு வேண்டியிருந்தது தூரம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் இங்கிலாந்திலிருந்து ஒரு கிழவர் எனக்கு மின்னஞ்சல் போட்டாரே, நினைவிருக்கிறதா? டெவன் என்ற மாகாணத்தில் இருப்பவர், இளைப்பாறிய தபாற்காரர், அவரும் ஒரு வெல்லகொட். உலகத்தில் எங்கெங்கே வெல்லகொட் இருக்கிறார்கள் என்று ஒரு வரைபடத்தில் ஊசி குத்துவதுதான் மனிதருக்குப் பொழுதுபோக்கு. டெவனின் வடக்குப் பக்கத்தில் ஊசிகள் நெருக்கமாக இருந்தன. பிறகு லண்டனில் கொஞ்சம், அவுஸ்திரேலியாவில் கொஞ்சம், ஒன்ராறியோவில் பழைய கமக்காரக் குடும்பங்கள் சில. அதோடு அஜக்ஸில் மூன்று ஊசி, அவை எந்தக் கிளை என்று அவருக்குப் பிடிபடவில்லை.

வெல்லகொட் என்பது முதலில் ஒரு தோட்டத்தின் பேராம். அங்கே குடியிருந்தவர்களுக்கு ஊர்ப்பேரே குடும்பப் பேராக ஒட்டிக்கொண்டதாம். பிற்பாதி 'கொட்' என்றால் குடில், அதில் சந்தேகமில்லை, முற்பாதிக்கு என்ன பொருள் என்பதில்தான் வெல்லகொட்டுகளுக்குள்ளேயே சண்டை என்று எழுதியிருந்தார். இதை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். "முற்பாதி என்னெண்டு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, புரைக்கேறும் வரை சிரித்தீர்கள். அம்மா தண்ணீர் கொண்டு வந்து, உங்கள் முதுகில் தட்டிக்கொண்டே உங்களை முறைத்தா. அந்த முறைப்பை நான் கவனித்தேன், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், இல்லையா?

நீங்கள் போன அன்று மரண அறிவித்தல் போடுகிறவர் தொலைபேசியில் விபரம் கேட்டார். வழக்கமான கேள்விகள்தான், பிறப்பிடம், வதிவிடம், தாய் தகப்பன் பேர், சகோதரங்கள். அம்மா அழுதுகொண்டே சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். உங்கள் தகப்பனார் அப்புவின் பேர் வெள்ளைக்குட்டி என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன், எங்களுக்கு நீங்கள் எப்போதும் 'அப்பு' என்று மட்டும்தான் சொன்னீர்கள். காதில் விழுந்தது, மூளையில் விழவில்லை. உங்கள் தம்பி தர்மலிங்கம் படகு கவிழ்ந்து கடலில் போனவர் என்று அம்மா சொல்ல, அறிவித்தலில் வழமைபோல 'காலஞ்சென்ற தர்மலிங்கத்தின் பாசமிகு சகோதரனும்' என்று அச்சாகிவிட்டது.

அடுத்த நாள் காலை என் கைத்தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, உது கணேசலிங்கத்தின்ரை வீடோ?"

"ஓம், மகள் கதைக்கிறன். நீங்கள் ஆர் அங்கிள்?"

"அறிவித்தலிலை காலஞ்சென்ற தர்மலிங்கம் எண்டு போட்டிருக்கிறியள். அந்தத் தர்மலிங்கம் நான்தான்."

எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்றே தெரியாது. செத்த வீட்டில் வந்து பகிடி விடுகிற சனமும் உண்டா என்று ஏசினேன். அவர் கோபிக்கவில்லை. "ஏசு பிள்ளை. ஆனா நான் ஆரெண்டு சொல்லுறன், கேள். அண்ணைக்கு இடது காலிலை சின்ன விரலும் பக்கத்து விரலும் ஒட்டிக்கொண்டு இருக்கும்" என்றார். அப்பா, ஆஸ்பத்திரியில் அந்த விரல்களுக்கு நகம் வெட்டிவிட்டவள் நான். குசினி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன்.

அவர் அந்தப் படகில் ஏறவே இல்லையாம். இடமில்லை என்று கரையில் விட்டுவிட்டுப் போன படகுதான் கவிழ்ந்தது. சேதி உங்களுக்கு வந்தது, ஆள் வரவில்லை. முகாமில் பல வருடம், பிறகு எப்படியோ ஒரு வழியாக ரொறன்ரோ. இப்போது எங்கே இருக்கிறார் தெரியுமா? ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில்! 401 நெடுஞ்சாலையில் ஏறினால் அரை மணித்தியாலம்கூட இல்லை. பதினெட்டு வருடமாக அங்கே ஒரு வீட்டின் பேஸ்மென்டில் தனியாக இருக்கிறார், தொலைபேசிகூட வீட்டுக்காரரின் பேரில்.

நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்த மனிதரைப் பார்த்ததும் எனக்கு ஒரு கணம் நீங்கள்தான் என்று தோன்றியது, கொஞ்சம் மெலிந்த நீங்கள். காருக்குள் ஏறியதும் கேட்டார், "உந்தப் பேர் என்னம்மா, வெல்லகொட்? அண்ணை எப்ப வெள்ளைக்காரனானவர்?" மிசனரிக் கதையைச் சொன்னேன். மனிதர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "எங்கடை பூட்டன் பள்ளிக்கூட வாசலே மிதிக்காத ஆளெல்லோ" என்றார்.

அதற்குப் பிறகு சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வந்த புதிதில் தடித்த தொலைபேசிப் புத்தகத்தை எடுத்து, அப்புவின் பேரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் தேடினாராம். வருடா வருடம் புதுப் புத்தகம் வந்ததும் தேடினாராம். "அந்த இடத்திலை ஒரு வெல்லகொட் கிடந்தது, பிள்ளை. ஜீ எண்டு முதலெழுத்தும் கிடந்தது. ஒவ்வொரு வருசமும் பாத்தனான். உது ஆரோ வெள்ளைக்காரன் எண்டு கடந்து போட்டன்." கையை மடியில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னார். நான் காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

ஐயோ அப்பா, என்ன வேலை செய்து வைத்தீர்கள்?

வீட்டில் அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். சித்தப்பாவைக் கண்டதும் அவவுக்குப் பேச்சு நிற்கவில்லை. ஊரில் நீங்கள் படம் வரைகிற டிராஃப்ட்ஸ்மன், இங்கே சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினீர்கள். கணேசலிங்கம் வெள்ளைக்குட்டி என்று எழுதிப் போட்ட விண்ணப்பம் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஒரு கோடையில் அஜக்ஸ் பக்கம் அப்பிள் பிடுங்கப் போனீர்கள், சாப்பாட்டு நேரத்தில் ஒரு பழைய சேமக்காலைக்குள் நிழலுக்கு ஒதுங்கினீர்கள். அங்கே ஒரு கல்லறைக் கல்லில் வெல்லகொட் என்ற அந்தப் பேர் இருந்திருக்கிறது.

"வீட்டை வந்து துள்ளினவர்" என்றா அம்மா. "'புவனம், ஒரு கல்லிலை எங்கடை அப்புவின்ரை பேரைக் கண்டனான்! வெள்ளைக்காரர் வெள்ளைக்குட்டியை எழுதினா அப்பிடித்தான் எழுதுவாங்கள்' எண்டு. பகிடிக்குத்தான் அந்தப் பேரிலை ஒரு விண்ணப்பம் போட்டவர். மூண்டாம் நாள் வரச்சொல்லிக் கூப்பிட்டிட்டாங்கள். போய் நிண்டவுடனை அங்கை இருந்தவங்களுக்கு முகம் செத்துப்போச்சாம். ஆனா படத்தைக் கீறிக் காட்டினவர், வேலை கிடைச்சிட்டுது. பிறகு சட்டப்படி மாத்தினார். பிள்ளைக்குச் சொல்லப்படாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்."

நான் ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவள். நாள் முழுவதும் சனத்தின் பேரைக் கூப்பிடுவதுதான் என் வேலை, பேர் படும் பாடு எனக்குத் தெரியும். வேலைக்காகப் பேரை மாற்றியதில் என்ன வெட்கம்? அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே! நீங்கள் வெட்கப்பட்டீர்கள், வெட்கத்தில் சனத்தை விட்டு ஒதுங்கினீர்கள், ஒதுங்கியதில் தம்பியைத் தவறவிட்டீர்கள். ஒரேயொரு முறை ஒரு சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தால்கூடப் போதுமே.

ஆனால் சித்தப்பா அம்மாவின் கதையை நம்பவில்லை. அதுதான் எனக்குப் பெரிய இடியாக விழுந்தது. கதிரை நுனியில் இருந்துகொண்டு, "அண்ணை அப்புவின்ரை பேரை விடுற ஆளில்லை, அண்ணி. ஊரிலை கடைசியாக் கண்டபோது நான் அவரோடை சண்டை கொழுவிக்கொண்டு போனவன். நான் தேடி வந்து தலையிலை ஏறுவன் எண்டு ஒளிச்சவர்" என்றார். முகம் கல்லாகிவிட்டது. இத்தனை வருடம் நீங்கள் இல்லாமல் வாழ்ந்தவர், இனி நீங்கள் தன்னை வேண்டாம் என்று ஒதுக்கியதாக நினைத்துக்கொண்டே சாகப் போகிறாரே!

வருடா வருடம் அவருக்கு நீங்கள் திவசம் கொடுத்ததைச் சொன்னேன். "உங்களுக்குப் படைச்ச வடையெல்லாம் நான்தான் சித்தப்பா சாப்பிட்டனான்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லை, அவர் வைப்பாரா என்று நான் கேட்டபோது மட்டும் தலையாட்டினார். உயிரோடு இருக்கும்போதே உங்கள் கையால் திவசம் வாங்கியவர் உங்களுக்குக் கொள்ளி வைத்தார், அப்பா. அப்போதும் அழவில்லை.

எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்த பின்னேரம் சித்தப்பா எங்கள் வீட்டில் தனியாக இருந்தபோது, மருந்துக்கடைக்குப் போயிருந்த நான் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு அடித்தேன், பால் வாங்கவா என்று கேட்க. பிறத்தியார் வீட்டுத் தொலைபேசியை எடுப்பது சரியில்லை என்று அவர் எடுக்கவில்லை. ஆள் எடுக்காவிட்டால் பதில் சொல்லும் அந்தப் பழைய மெசின் தானாக எடுத்துப் பேசத் தொடங்கிவிட்டது. அதை நீங்கள் பதிந்தது நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில். நாங்கள் அடிக்கடி கேட்டுப் பழகி, காதுக்குள் ஏறாமலே போன ஒன்று.

நான் வீட்டுக்கு வந்தபோது சித்தப்பா மெசினுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். "திரும்பப் போடு பிள்ளை" என்றார். போட்டேன். முதலில் உங்கள் வேலையிட ஆங்கிலத்தில், மூக்கால், வெல்லகொட் இல்லத்தில் இப்போது யாரும் இல்லை, உங்கள் பேரை விட்டுச் செல்லுங்கள் என்று சொல்கிறீர்கள். சித்தப்பா அசையவில்லை, அந்த ஆங்கிலக் குரல் அவருக்கு யாரோ. பிறகு பொத்தானை அமத்தத் தெரியாமல் தடவுகிற சத்தம். அதற்குப் பிறகு நீங்கள், உங்கள் சொந்தக் குரலில்:

"புவனம், பதிஞ்சிட்டுதே? இந்தக் கோதாரியை எப்பிடி நிப்பாட்டுறது? ... பேரைச் சரியாச் சொன்னனானோ? வெள்ளைக்குட்டி எண்டு வந்திட்டுதோ தெரியேல்லை, வாய் அங்கைதான் போகுது."

இருபது வருடமாக வீட்டுக்கு அடித்த அத்தனை பேரும் கேட்டதை நான் ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்கவில்லை. சித்தப்பா மெசினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார், அப்பா. ஒரு பெரிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

டெவன் கிழவருக்கு உண்மையை எழுதி, எங்கள் மூன்று ஊசியையும் பிடுங்கிவிடச் சொன்னேன். பிடுங்க மாட்டாராம். வெக்ஸ்போர்ட்டில் நாலாவது ஊசி குத்த அனுமதி கேட்டிருக்கிறார்.

நாளை மறுநாள் உங்கள் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. அன்றைக்கு வருகிற நன்றி அறிவித்தலில் சித்தப்பாவின் பேருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' இருக்காது, உங்கள் பேருக்குப் பின்னால் வெள்ளைக்குட்டி, வெல்லகொட் இரண்டும் இருக்கும். கூட்டத்தில் துரை என்று யாராவது வாய் திறக்கட்டும், என் வாயை அன்று பார்ப்பார்கள். அந்தத் தொலைபேசி இணைப்பை ஒருநாளும் வெட்டமாட்டேன், இது சத்தியம். வெக்ஸ்போர்ட்டிலிருந்து தினமும் காலையில் ஒருத்தர் எங்கள் வீட்டுக்கு அடிக்கிறார், நாங்கள் யாரும் எடுப்பதில்லை. நீங்கள் பேசி முடிக்கும் வரை பொறுத்திருந்து, "ஓம் அண்ணை, சரியாத்தான் சொன்னனியள்" என்று சொல்லிவிட்டு வைக்கிறார்.

உங்கள் மகள்,
தர்மலிங்கத்தின் பெறாமகள்,
கௌரி